பனி இல்லாத ஊரில் பனியாற்று நிலவியல்: சிங்கப்பூரிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலத்தை மூடிக் கிடந்த ஒரு பனிப்படலம் உருகிப் போனபின் மிஞ்சுவது பெரும்பாலும் சேறும் கல்லும்தான். அந்தச் சேற்றையும் கல்லையும் படித்து, பனி எங்கிருந்து வந்தது, எதுவரை வந்தது, எப்போது பின்வாங்கியது என்று சொல்வதே பனியாற்று நிலவியலில் பெரும்பகுதி வேலை. ஆகவே, ஆண்டு முழுவதும் புழுக்கத்தில் வேகும் சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைத் தொடங்க முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம்: முடியும். தொடக்கத்தில் விமான டிக்கெட்கூடத் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, அடிக்கோல், கோடில்லாத நோட்டுப் புத்தகம், பென்சில் ஆகியவை போதும். தொடக்கக்கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களையும், வேலைக்குப் போய்க்கொண்டே மாலை நேரத்தில் படிக்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பனி என்ன செய்கிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள்

ஆறும் காற்றும் தாம் சுமப்பதைத் தரம் பிரிக்கின்றன. ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் சரளை தங்கும். வேகம் குறையும்போது மணலும், பிறகு வண்டலும், கடைசியில் களியும் தங்கும். பனிக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. வீட்டளவுப் பாறையையும் மாவு போல அரைந்த கல்தூளையும் ஒரே சுமையாகத் தூக்கி வந்து ஒரே இடத்தில் விட்டுவிடும். பனியே நேரடியாக இப்படிப் படியவைத்ததை ‘டில்’ என்பார்கள். அது காலப்போக்கில் இறுகிக் கல்லானால் ‘டில்லைட்’. பனியின் ஓரத்திலோ முனையிலோ குவிந்து மேடாக நிற்பது மொரைன். பனிக்கு அடியில் உருவாகி, பனி நகர்ந்த திசையிலேயே நீண்டு கிடக்கும் முட்டை வடிவக் குன்று டிரம்லின். பனிக்கு அடியில் சுரங்கம் போல ஓடிய ஆறு விட்டுச்சென்ற வளைந்து நெளிந்த சரளை வரப்பு எஸ்கர்.

உருகுநீர் வந்துவிட்டால் கதை மாறும். நீர் மறுபடி தரம் பிரிக்கத் தொடங்கும். பனியாற்றின் முன்னே தேங்கிய ஏரியில் கோடையில் தடித்த வெளிர்நிற அடுக்கும், மேற்பரப்பு உறைந்து நீர் அசைவற்றிருக்கும் குளிர்காலத்தில் மெல்லிய கருநிற அடுக்கும் மாறி மாறிப் படியும். இந்த இணை அடுக்குகளுக்கு ‘வார்வ்’ என்று பெயர். சுவீடன் நிலவியலாளர் ஜெரார்டு டி ஜீர் இவற்றை ஒன்றொன்றாக எண்ணித்தான் பனி பின்வாங்கிய ஆண்டுக்கணக்கைக் கட்டினார். கார்பன் முறைக் காலக்கணிப்பு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்த வேலை அது.

கடைசியாக ஒன்று: ‘டிராப்ஸ்டோன்’. மிதக்கும் பனிமலை ஒன்று உருகும்போது அதனுள் சிக்கியிருந்த கல் கழன்று, அடியில் அமைதியாகப் படிந்துகொண்டிருக்கும் மென்சேற்றில் விழுகிறது. கீழுள்ள அடுக்குகள் வளைகின்றன. பின்னால் படியும் அடுக்குகள் கல்லைப் போர்த்துகின்றன. மணலைக்கூட நகர்த்த முடியாத அமைதியான நீரில் தேங்காயளவுக் கல் எப்படி வந்தது என்ற கேள்விக்கு வேறு விடைகள் குறைவு. பனி இருந்ததற்கான சாட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பெயர் வைப்பதைத் தள்ளிப்போடுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். சேற்றில் கல் பதிந்திருப்பதைப் பார்த்ததும் “டில்!” என்று எழுதிவிடுகிறார்கள். மலைச்சரிவில் இறங்கும் சேற்றுப் பெருக்கும், எரிமலைச் சரிவில் ஓடும் சாம்பல் சேறும், கடலடிச் சரிவில் நழுவும் படிவும் அச்சாக அதே போன்ற கலவையைத்தான் தரும். இந்தத் துறையின் பழைய சண்டைகளில் பாதி இதைச் சுற்றியே நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் பனியாற்றுப் படிவு என்று உறுதியாக எழுதப்பட்ட எத்தனையோ பாறைகள் பிற்பாடு கடலடி நழுவல் என்று திருத்தப்பட்டிருக்கின்றன. மறுதிசையிலும் திருத்தங்கள் நடந்திருக்கின்றன.

அதனால்தான் காரணம் எதையும் சொல்லாத ஒரு பெயரைத் துறையினர் வைத்துக்கொண்டார்கள். தரம் பிரியாமல் பல அளவுத் துகள்கள் கலந்து கிடக்கும் எதுவும் ‘டயமிக்டன்’, கல்லாகிவிட்டால் ‘டயமிக்டைட்’. உங்கள் நோட்டில் முதலில் எழுத வேண்டியது அந்தப் பெயரைத்தான். பனியா, சரிவா, எரிமலையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1983-இல் நிலவியலாளர் ஐல்ஸ் முதலியோர் முன்வைத்த சுருக்கக் குறியீடுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. மூன்று எழுத்துகளில், இது டயமிக்ட் (டயமிக்டன், டயமிக்டைட் இரண்டுக்கும் பொதுச்சொல்), கற்கள் ஒன்றையொன்று தொடாமல் சேற்றில் மிதக்கின்றன, அடுக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிடலாம். மேற்கொண்டு படிக்கும்போது இந்தக் குறியீடுகள் எல்லாப் படங்களிலும் வரும் என்பதால் முதல் மாதத்திலேயே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

மண்ணோ பாறையோ வெட்டுப்பட்டு உள்ளடுக்குகள் தெரியும் ஒரு வெட்டுமுகத்தின் முன் நின்றால் இந்த வரிசையில் எழுதுங்கள். கற்களுக்கு இடையே நிரம்பியிருப்பது எது: இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் சரளை, 0.063 வரை மணல், 0.004 வரை வண்டல், அதற்கும் கீழே களி. விரலில் தேய்த்தால் மணல் உறுத்தும். வண்டலும் களியும் ஒன்று போலத் தோன்றும். துளியளவு எடுத்து முன்பற்களுக்கு இடையே வைத்துப் பார்த்தால் வண்டல் நறநறக்கும், களி வழவழக்கும். இது கேலியல்ல, உலகெங்கும் நிலவியலாளர்கள் செய்வது. ஆனால் சாக்கடைக்கோ தொழிற்சாலைக்கோ பக்கத்தில் எடுத்த மண்ணை வாயில் வைக்காதீர்கள். அடுத்து, கற்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, மிகப் பெரிய கல் எவ்வளவு, கூர்முனையா உருண்டையா, எத்தனை வகைப் பாறைகள், கீழுள்ள அடுக்கோடு சேரும் எல்லை கத்தியால் வெட்டியது போலிருக்கிறதா படிப்படியாக மாறுகிறதா என்று குறியுங்கள். படம் எடுக்கும்போது அளவுக்கு ஒரு வெள்ளி நாணயத்தை வையுங்கள். 2013-இல் வெளியான வரிசையில் அதன் விட்டம் 24.65 மில்லிமீட்டர்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் பனிக்கான தடயங்களைத் தேட வேண்டும். பனியின் அடியில் இழுபட்ட கற்களில் தட்டையாகத் தேய்ந்த முகங்களும், ஒன்றையொன்று வெட்டும் நுண்கீறல்களும் இருக்கும். சில கற்கள் ஒருமுனை கூர்ந்து மறுமுனை உடைந்த தோட்டா வடிவில் இருக்கும். நீளமான கற்கள் ஐம்பதைத் தேர்ந்து அவற்றின் நீள அச்சு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று காம்பஸால் அளந்தால், பனிக்கு அடியில் படிந்த டில்லில் அவை பெரும்பாலும் பனி நகர்ந்த திசையோடு ஒத்துப்போகும். கீழுள்ள அடிப்பாறையும் கீறப்பட்டு வழவழப்பாகியிருந்தால் வழக்கு வலுவாகிறது. எந்த ஒரு தடயமும் தனியாக நின்று வெல்லாது என்பதை மறக்க வேண்டாம். பிளவுப்பரப்பில் பாறையோடு பாறை உரசினாலும் கீறல் விழும். ஆனால் அங்கே கீறல்கள் பொதுவாக ஒரே திசையில் நேராக இருக்கும், பிளவு பாறையின் உள்ளேயும் தொடரும்.

வீட்டில் ஒரு டிராப்ஸ்டோன்

வீவக வீட்டுச் சமையலறையில் செய்யக்கூடிய சோதனை இது. அகலமான கண்ணாடித் தொட்டி ஒன்றில் நீர் நிரப்புங்கள். தேக்காவில் கிடைக்கும் முல்தானி மட்டியை நீரில் நன்றாகக் கரைத்து ஊற்றிப் படியவிடுங்கள். முழுதும் தெளியக் காத்திருக்க வேண்டாம். ஓரளவு தெளிந்ததும், கோலத்துக்குப் பூசும் காவிப்பொடியை இன்னொரு பங்கு மட்டியோடு கரைத்து மெல்ல ஊற்றுங்கள். வெளிர், சிவப்பு என்று சில அடுக்குகள் சேரும் வரை, நாள் கடத்திப் பொறுமையாகச் செய்ய வேண்டும். இதற்கிடையில் ஒரு கிண்ணத்தில் நீரும் சில கூழாங்கற்களும் சிறிது மணலும் போட்டு உறைய வையுங்கள்.

இங்கே ஒரு கணக்கு. நீரின் அடர்த்தி 1 என்றால் பனிக்கட்டியின் அடர்த்தி சுமார் 0.92, சாதாரணக் கல்லின் அடர்த்தி சுமார் 2.65. கல்லின் பருமன் மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் கட்டி மிதக்காது, நேராக மூழ்கும். கடல்நீரில் மிதக்கும் பனிமலைகளுக்கும் ஏறத்தாழ இதே வரம்புதான். அடிப்பகுதியில் கல் நெருக்கமாகப் பதிந்திருந்தாலும், மேலே சுத்தமான பனி ஏராளமாக இருப்பதால்தான் அவை சுமையோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து போக முடிகிறது.

கட்டியைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அது வெகுநேரம் தாங்காது. கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து அடுக்கை அழுத்தும். பிறகு இன்னும் ஒரு முறை மட்டிக்கரைசல் ஊற்றி மூடிவிட்டு, கண்ணாடியின் பக்கவாட்டிலிருந்து பார்த்து வரையுங்கள். முடிந்ததும் அந்தச் சேற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து நிலவியல் கற்க நேரிடும்.

சிங்கப்பூர் மண்ணுக்குள் இருக்கும் பனிக்காலம்

இந்தத் தீவில் பனியாற்றுப் பாறை கிடையாது. புக்கிட் தீமாவின் கிரானைட்டும், ஜூரோங், செந்தோசா பக்கத்துப் படிவுப் பாறைகளும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் விவரிக்கும் பழக்கத்துக்கு அவை அருமையான பாடங்கள். செந்தோசாவின் மேற்கு முனையில் உள்ள கூழாங்கல் பாறையில் கற்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, அவற்றின் விளிம்புகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆற்றுச் சரளை எப்படி இருக்கும் என்று கண் பழகினால்தான் டயமிக்டைட் எவ்வளவு வேறானது என்று தெரியும். பூங்காக்களிலும் இயற்கை வனங்களிலும் சுத்தியலைக் கையில் எடுக்கக்கூடாது, கல்லை எடுத்துச் செல்லவும் கூடாது.

உண்மையான புதையல் காலடியில் இருக்கிறது. நிலத்தடி ரயில் சுரங்கத்திலோ பைலிங் வேலையிலோ இருக்கும் நம்மவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள்; ‘மரைன் கிளே’ என்றதும் முகம் சுளிப்பார்கள். காலாங் படிவத்தைச் சேர்ந்த அந்த மென்களி, சில இடங்களில் முப்பது மீட்டருக்கும் மேல் ஆழம் போகிறது. அது ஒரே படிவல்ல. கீழே ஒரு கடற்களி, மேலே ஒரு கடற்களி, இரண்டுக்கும் நடுவில் பல இடங்களில் செம்மஞ்சள் திட்டுகளோடு கெட்டியான ஓர் அடுக்கு. நடுவிலுள்ளது கடல் விலகிப்போன காலத்தில் வெயிலில் காய்ந்து, காற்றுப்பட்டு இறுகிய மண். கடல் ஏன் விலகியது? வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் மூடிய பனிப்படலங்களில் உலகின் நீர் சிறைப்பட்டிருந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது சிங்கப்பூரிலிருந்து போர்னியோவுக்குக் கால் நனையாமல் நடந்து போகலாம், இடையில் உள்ள ஆறுகளைத் தவிர.

பனியிலிருந்து தொலைவில் இருப்பது இங்கே ஒரு குறையாகாது. சொல்லப்போனால் அதுவே நம் பலம். பனிப்படலத்துக்குப் பக்கத்திலுள்ள நிலம் அதன் எடையில் அமிழ்ந்து, பனி உருகியபின் மெல்ல எழுகிறது. சுவீடனிலும் கனடாவின் ஹட்சன் விரிகுடாவிலும் இன்றும் நிலம் எழுந்துகொண்டிருக்கிறது. அங்கே கடல்மட்டக் கணக்கு குழம்பிவிடும். தொலைவிலுள்ள சுண்டா மேடையில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலடி நிலத்தில், அந்தக் குழப்பம் குறைவு. அதனால்தான் சுண்டா மேடையில் துளையிட்டு எடுத்த படிவு உருளைகளை வைத்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 14,600 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி சுமார் 300 ஆண்டுகளுக்குள் கடல் 16 மீட்டர் உயர்ந்ததைக் காட்ட முடிந்தது. உலகின் ஏதோ ஒரு பனிப்படலம் அப்போது வேகமாகச் சரிந்திருக்கிறது. எது, எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. புதியவர்கள் நுழைய நல்ல வாசல் இது.

ஒரு சின்ன இடைக்குறிப்பு: நியூயார்க்கின் லாங் ஐலண்ட், வட அமெரிக்கப் பனிப்படலத்தின் முனை நின்ற இடத்தில் குவிந்த மொரைன்களாலும் உருகுநீர் பரப்பிய மணலாலும் ஆனது. கடல் உயர்வைத் தடுக்கக் கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சிங்கப்பூர் கட்டத் திட்டமிடும் நிலப்பகுதிக்கும் அதே பெயர். இங்கே கடல்மட்டம் 2100-க்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு சொல்கிறது. ஒரு தீவு பனி வந்ததால் உண்டானது, மற்றது பனி போவதால்.

மேசையில் செய்யக்கூடிய ஆய்வு

அடுத்த சில மாதங்களை இலவசத் தரவுகளில் செலவிடுங்கள். செயற்கைக்கோள் படத்தில் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளூ விரிகுடாவைத் திறந்தால் பாதி மூழ்கிய டிரம்லின்கள் தீவுக்கூட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றின் நீள அச்சையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கோடாக வரைந்து, பனி எத்திசையில் நகர்ந்தது என்று நீங்களே முடிவு கட்டுங்கள். பிறகு பிரித்தானியத் தீவுகள் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கும் ‘பிரிட்ஐஸ்’ வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். விடை தெரிந்த கணக்கில் பழகுவது நல்லது.

அதன்பின் ஒரு படிவு உருளை. அண்டார்க்டிகாவில் மெக்மர்டோ பனித்தட்டின் வழியாக ஆண்ட்ரில் என்ற துளையிடும் திட்டம் 2006-07 பருவத்தில் எடுத்த உருளை 1,285 மீட்டர் நீளம். அதில் டயமிக்டைட்டும், டயாட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகளால் ஆன வெளிர்ப்படிவும் மாறி மாறி வருகின்றன. டயமிக்டைட் இருந்தால் பனி தரைதட்டி நின்ற காலம். டயாட்டம் இருந்தால் பனி விலகி, திறந்த கடலில் வெயில் பட்ட காலம். இந்த மாற்றங்கள் ஏறத்தாழ 40,000 ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூமியின் அச்சுச் சாய்வு கூடிக் குறையும் கால அளவும் அதுவே. உருளையின் விவரப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஆய்வுக்கட்டுரையின் முடிவுரையைப் படிக்காமல், நீங்களே ஒரு பகுதிக்கு விளக்கம் எழுதிப் பாருங்கள். ஆய்விதழ்களில் ‘தி கிரையோஸ்பியர்’ கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது.

போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்

முதல் பயணத்துக்கு ஐஸ்லாந்தோ சுவிட்சர்லாந்தோ வேண்டாம். லங்காவிக்குப் போங்கள், விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். ஈகிள் சிலையையும் கேபிள் காரையும் பார்த்துத் திரும்பும் ஆயிரக்கணக்கானோருக்கு, அத்தீவுக்கூட்டத்தின் ‘சிங்கா’ படிவத்தில் டிராப்ஸ்டோன்கள் பதிந்திருப்பது தெரியாது. கருநிறச் சேற்றுப்பாறையில் தனித்தனியாகச் செருகி நிற்கும் கற்கள் அவை. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலத்துண்டு கோண்டுவானா பெருங்கண்டத்தின் ஓரத்தில், இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அருகில் இருந்தது. அங்கிருந்து மிதந்த பனி போட்ட கற்கள் அவை என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். கடலடி நழுவலே போதும் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆகவே நோட்டில் டயமிக்டைட் என்றே தொடங்கி, கல்லின் கீழ் அடுக்கு வளைந்திருக்கிறதா என்று தேடுங்கள். தெற்கே உள்ள சிங்கா பெசார் தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். அலைவற்றம் எப்போது என்று படகுக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லங்காவி 2007 முதல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற புவிப்பூங்கா, கல்லைத் தொடலாம், எடுக்கக்கூடாது.

அதே பனிக்காலத்தின் இன்னொரு சாட்சி ஒடிசாவின் தால்சேரில் இருக்கிறது. சுட்டெரிக்கும் அந்த மண்ணில் கிடந்த பாறாங்கல் படுகையைப் பார்த்துவிட்டு, 1856-இல் நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் பனிதான் காரணம் என்று எழுதினார்கள். வெப்பமண்டலத்தில் பனியா என்று உலகம் நம்பத் தயங்கிய காலம் அது. இந்தியாவுக்கு விடுமுறையில் போகிறவர்கள் ஒருமுறை பாதையை மாற்றிப் போகலாம்.

கீறப்பட்ட அடிப்பாறையைப் பார்க்க எளிதான இடம் அடிலெய்டு. நேரடி விமானம் உண்டு. நகரிலிருந்து புறநகர் ரயிலிலேயே போகக்கூடிய ஹாலட் கோவ் கடற்கரையில், 1877-இல் நிலவியலாளர் ரால்ஃப் டேட் கண்டறிந்த வழவழப்பான பாறைத்தளம் இருக்கிறது. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுப் பழமையான கீறல்களின் திசையைக் காம்பஸ் வைத்து அளக்கலாம். உயிருள்ள பனியாற்றைப் பார்க்க வேண்டும் என்றால் அதன்பின் நியூசிலாந்து: கிரைஸ்ட்சர்ச்சில் இறங்கி புகாக்கி ஏரிப் பக்கம் போனால், ஏரியையே அணைகட்டி நிறுத்திய மொரைன்களில் ஏறி நடக்கலாம்.

படிப்பும் பருவமும்

முறையாகப் படிக்க விரும்புவோர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஏஷியன் ஸ்கூல் ஆஃப் தி என்விரான்மென்ட்டையும், அங்கேயே இயங்கும் எர்த் அப்சர்வேட்டரி ஆஃப் சிங்கப்பூரையும் பாருங்கள். பழங்காலக் கடல்மட்டம் அங்கே முக்கிய ஆய்வுத்துறை. பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது “எனக்குப் பனி பிடிக்கும்” என்று தொடங்காமல், நீங்கள் வரைந்த டிரம்லின் வரைபடத்தையோ உருளை விளக்கத்தையோ இணைத்து, உங்களுக்கு விளங்காத ஒரு கேள்வியைக் கேளுங்கள். கணிதத்தையும் நிரலெழுதும் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். இத்துறையில் வேலை கிடைக்கும் பக்கம் அதுதான் என்பது என் கணிப்பு.

களப்பணிக்கு வட துருவப் பகுதிக்குப் போவதானால் ஜூலை, ஆகஸ்ட். பல்கலைக்கழக விடுமுறையோடு ஓரளவு பொருந்தும். நியூசிலாந்துக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பள்ளி ஆண்டிறுதி விடுமுறைக்காரர்களுக்கு அது வசதி. தடித்த குளிர்ச்சட்டைக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம், அதை யாரிடமாவது இரவல் வாங்கலாம். நீர் புகாத மேலாடைக்கும் கணுக்காலைப் பிடிக்கும் காலணிக்கும் செலவிடுங்கள். மொரைன் மேட்டில் மழையில் நனைந்த களியில் நடக்கும்போது, குளிரைவிட வழுக்கல்தான் முதலில் ஆளைச் சாய்க்கும்.